மனசு நர்ஸ் பக்கம், கணக்கு சூப்பர்வைசர் பக்கம்: மே 19 பிரைமரியில யாருக்குப் போட?

செங்காந்தள் | ஏப்ரல் 19, 2026

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிச்சிட்டு மட்டும் போறவ நான். இப்போ ஒரு விஷயம் தூங்கவிடாம படுத்துது, அதான் எழுதறேன்.

பென்சில்வேனியாவுல மான்ட்கோமெரி கவுண்டி எங்களுக்கு, கவுண்டின்னா மாவட்டம் மாதிரி. நான் ஃபார்மசிஸ்ட். 2023-ல சிட்டிசன் ஆனேன், அந்த வாரமே டெமாக்ரட்னு பதிவும் பண்ணிட்டேன். வீட்டுக்காரர் எந்தக் கட்சியும் வேண்டாம்னு விட்டுட்டார். பிரைமரின்னா நவம்பர் பொதுத்தேர்தலுக்கு ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைப் பொறுக்கற முன்தேர்தல். இந்த மாநிலத்துல கட்சியில பதிவு பண்ணவங்களுக்கு மட்டும்தான் அது, அதனால அவருக்கு மே 19 அன்னைக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வழியில்ல. பொண்ணுக்குப் பதினேழு வயசு. வீட்டுல மூணு பேரும் பேசறோம், ஓட்டு என் ஒருத்தி கையில.

தொகுதி, மாநிலக் கீழவைத் தொகுதி. இப்போ இருக்கிற டெமாக்ரட் மறுபடி நிக்கல. போன தடவை அவர் கரையேறினதே பெரும்பாடு. பிரைமரியில ரெண்டு பேர் நிக்கறாங்க. பேர் வேண்டாம்.

ஒருத்தங்க ஸ்கூல் நர்ஸ். மார்ச் மாசம் நூலகத்துல ரெண்டு பேரையும் உட்கார வச்சுக் கேள்வி கேட்க ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. நாற்பது பேர் இருந்திருப்போம். அந்தம்மா பேச ஆரம்பிக்கும்போது துணிப்பையிலருந்து ஒரு இன்ஹேலரும் அதுல மாட்டற பிளாஸ்டிக் குழாயும் எடுத்து மேஜை மேல வச்சாங்க. ஆஸ்துமா இருக்கிற ஏழு வயசுக் குழந்தைக்கு இதைச் சரியா வச்சு மூச்சிழுக்க வைக்கத் தெரிஞ்ச ஒருத்தர் ஸ்கூல்ல இருக்கணும்னாங்க. மாநிலச் சட்டப்படி 1,500 பிள்ளைங்களுக்கு ஒரு நர்ஸ் இருந்தாப் போதும். அவங்க மூணு ஸ்கூலுக்கு ஓடறாங்க. ஒரு கட்டடத்துல இருக்கும்போது இன்னொண்ணுல மூச்சுத்திணறல்னா ஆபீஸ்ல டைப் பண்றவங்கதான் பார்க்கணும். சொல்லி முடிச்சதும் அந்தக் குழாயைக் கையில வச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பேசாம நின்னாங்க. அதே இன்ஹேலரை நான் தினமும் எண்ணிக் கொடுக்கிறேன். அது எங்க போகுதுன்னு நான் நினைச்சுப் பார்த்ததே இல்ல.

அவங்களுக்கு வேணும்கிறதெல்லாம் பெரிசு. குறைந்தபட்சக் கூலி உடனே மணிக்குப் பதினைஞ்சு டாலர், மாநிலமே எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு, வாடகைக்கு உச்சவரம்பு. கம்பெனிக் காசு ஒரு பைசா வாங்கமாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. என் பொண்ணு சனிக்கிழமை தவறாம இவங்களுக்காக வீடு வீடா போறா.

இன்னொருத்தர் எங்க டவுன்ஷிப்ல ரெண்டு தடவை ஜெயிச்ச சூப்பர்வைசர், நம்ம ஊர் கவுன்சிலர் மாதிரி. அறுபது வயசு இருக்கும், ரொம்ப நிதானம். கூலியை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம்பார், வாடகை உச்சவரம்பு கூடாதுன்னு நேராவே சொல்லிட்டார். கேட்டுட்டு இருந்தப்போ எனக்கு ஒண்ணும் சிலிர்க்கல. ஆனா எதிர்வீட்டு அம்மா ஒருத்தங்க இருக்காங்க, கணவர் இறந்து தனியா இருக்கிறவங்க, காலங்காலமா ரிபப்ளிகன். 2021 செப்டம்பர்ல ஐடா புயல் வந்து எங்க கவுண்டியில டொர்னேடோங்கிற சுழல்காற்றே அடிச்சதே, அன்னைக்கு அவங்க வீட்டு வழியை அடைச்சு விழுந்த மரத்தை அறுக்க இவர் ரம்பத்தோட வந்து நின்னாராம். "அவர் நின்னா நான் போடுவேன். அந்த நர்ஸ் நின்னா எங்க கட்சிக்குத்தான்"னு போன வாரம் குப்பைத்தொட்டியை உள்ளே தள்ளிக்கிட்டே சொன்னாங்க.

ஊர்ல இருந்தவரைக்கும் இந்தச் சங்கடமே கிடையாது. மேலிடம் ஆளை அறிவிக்கும், நாம சின்னத்தைப் பார்த்துக் குத்திட்டு வருவோம். இங்க ஆளைப் பொறுக்கிற பொறுப்பையே நம்ம தலையில வச்சுட்டாங்க. மனசுக்குப் பிடிச்சவங்களை விட்டுட்டு ஜெயிக்கக்கூடியவருக்குப் போடறது விவேகமா, இல்ல பயமா? இதே நிலைமையில இருந்தவங்க சொல்லுங்க. "உன் மனசாட்சிப்படி போடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது ரெண்டு பக்கமும் இழுக்குது.

பழைய கணக்கு | ஏப்ரல் 19

அம்மா, பக்கத்து டெலவேர் கவுண்டியிலிருந்து எழுதுகிறேன். பதினான்கு வருஷமாக எங்கள் வட்டத்தில் கட்சி கமிட்டி ஆளாக இருக்கிறேன். கதவு தட்டுவதும், பட்டியலில் டிக் போடுவதும், தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கு முன்பே பள்ளி வாசலில் நிற்பதும்தான் அந்த வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் தொகுதியில் சூப்பர்வைசருக்குப் போடுங்கள்.

காரணம் ஒரே ஒரு எண். கீழவையில் மொத்தம் 203 இடம். 2022-இல் டெமாக்ரட்டான நமக்குக் கிடைத்தது 102, ரிபப்ளிகன்களுக்கு 101. 2024-இலும் அதே 102, 101. 2022-இல் உங்கள் கவுண்டியிலேயே ஒரு தொகுதியில் நூறு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தோம். அந்த ஒரு இடத்தால்தான் பன்னிரண்டு வருஷம் கழித்துச் சபை நம் கைக்கு வந்தது. எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வர வேண்டும், எது பெட்டியிலேயே தூங்க வேண்டும் என்பது அந்த ஒரு ஆளை வைத்துத் தீர்மானமாகிறது. நர்ஸ் அம்மா சொல்லும் 1,500 கணக்கை மாற்ற வேண்டும் என்றாலும் முதலில் அதை எடுக்கிற சபைக் கமிட்டியின் தலைவர் நம் ஆளாக இருக்க வேண்டும். அந்த அம்மா பிரைமரியில் ஜெயித்து நவம்பரில் தோற்றால், அவருடைய கோரிக்கையே முதலில் சாகும்.

2022-இல் மறுபக்கத்தில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கவர்னர் தேர்தலுக்கு ரிபப்ளிகன் பிரைமரியில் டக் மஸ்ட்ரியானோ. கருக்கலைப்பில் எந்த விதிவிலக்கும் கூடாது என்றவர். அவருடைய ஆட்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு பக்தி. கட்சிப் பெரியவர்கள் கடைசி வாரத்தில் பதறிப்போய், இரண்டு வேட்பாளர்களை விலகச் செய்து, இன்னொரு வேட்பாளரான லூ பார்லெட்டா பின்னால் திரட்டப் பார்த்தார்கள். நேரம் கடந்துவிட்டது. இங்கே இரண்டாம் சுற்றுக் கிடையாது, அதிகம் வாங்கியவர் ஜெயித்தவர். 44 சதவீதம் கூட முழுதாக இல்லாமல் மஸ்ட்ரியானோ வேட்பாளரானார். நம் கட்சி வேட்பாளர் ஷாப்பிரோ தரப்பே அந்தப் பிரைமரி நேரத்தில் "இவர் எவ்வளவு தீவிரமானவர் பாருங்கள்" என்று விளம்பரம் போட்டது. ரிபப்ளிகன் வாக்காளருக்கு அது சிபாரிசாகவே போய்ச் சேர்ந்தது. நவம்பரில் ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசத்தில் ஷாப்பிரோ ஜெயித்தார். வாக்குச்சீட்டில் மேலே இருந்த பெயர் சரிந்ததும் கீழே இருந்த பெயர்களும் சேர்ந்து சரிந்தன. அந்த நூறு ஓட்டுக்கும் குறைவான வெற்றிக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த அக்டோபரில் நான் தட்டிய ஒரு கதவு மறக்காது. ஓய்வுபெற்ற தபால்காரர், முப்பது வருஷ ரிபப்ளிகன். கதவைப் பாதி திறந்து, "மேலே அந்த ஆளுக்கு நான் போட மாட்டேன். ஒரு பெயரை விட்டபிறகு மற்றவற்றைப் பார்க்கவும் மனமில்லை" என்றார். பட்டியலில் அவர் பெயருக்கு நேராக என்ன குறிப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்படிப்பட்ட வீடுகள் நம் புறநகர்களில் நிறைய. நம் ஆளைப் பார்த்து அவர்கள் அப்படிக் கதவைப் பாதி மூடும்படி நாம் வைத்துக்கொள்ளக் கூடாது.

பயமா என்று கேட்டீர்கள். 2020 பிப்ரவரி 29, ஜனாதிபதி வேட்பாளருக்கான தெற்கு கரோலினா பிரைமரியை நினைத்துப் பாருங்கள். அதுவரை பைடன் ஒரு மாநிலமும் ஜெயிக்கவில்லை, அவரை எதிர்த்து நின்ற இடதுசாரி சாண்டர்ஸுக்குக் கூட்டம் அலைமோதியது. மூன்று நாள் முன்பு அந்த மாநிலத்தின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜேம்ஸ் கிளைபர்ன் பைடன் பக்கம் நின்றார். கறுப்பின வாக்காளர்கள், முக்கியமாக வயதானவர்கள், அள்ளிக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சாண்டர்ஸ் சொன்ன மருத்துவக் காப்பீடு வேண்டாமா என்ன? நம் எல்லாரையும் விட அவர்களுக்குத்தான் தேவை. ஆனால் தோற்றால் முதல் அடி யார் முதுகில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரப் பக்கத்துவீட்டுக்காரன் நவம்பரில் என்ன செய்வான் என்பதைப் பரம்பரையாகக் கணித்து வாழ்ந்தவர்கள். அதைப் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்க வேண்டாம், அம்மா. குதிரை அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் தலைமுறை | ஏப்ரல் 20

அக்கா, நான் இங்கயே பிறந்தவ, பிட்ஸ்பர்க். தமிழ்ல எழுதறது இன்னும் பழகல, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. மேலே மாமா சொன்னதை மதிக்கிறேன். ஆனா அவர் அதே 2022 மே 17-ல நடந்த இன்னொரு பிரைமரியைச் சொல்லவே இல்ல.

அமெரிக்க செனட்டுக்கு நம்ம பக்கம் ஃபெட்டர்மேனும் கானர் லாமும் நின்னாங்க. லாம் முன்னாள் மரீன் படைவீரர், முன்னாள் அரசு வழக்கறிஞர், மிதவாதி. டிரம்ப் ஜெயிச்ச நாடாளுமன்றத் தொகுதியில 2018-ல ஜெயிச்சுக் காட்டினவர். ஜெயிக்கக்கூடியவர்னு அச்சு அசலா ஒரு ஆள் செய்யணும்னா அவரைத்தான் செய்யணும். பிலடெல்பியா கட்சி அவரைத்தான் ஆதரிச்சது. ஃபெட்டர்மேன் அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டுப் பதினைஞ்சு டாலர் கூலி பேசினவர். என்ன ஆச்சு? 67 கவுண்டியிலயும் ஃபெட்டர்மேன். பிரைமரிக்கு நாலு நாள் முன்னாடி பக்கவாதம் வந்தும் நவம்பர்ல சுமார் 5 சதவீதத்துல ஜெயிச்சார். அப்புறம் அவர் வலது பக்கம் நகர்ந்தது எனக்கும் வலிக்கிற கதை. ஆனா ஜெயிப்பாரா மாட்டாரான்னு பெரியவங்க போட்ட கணக்கு தப்பா போச்சு, அதைத்தான் சொல்ல வந்தேன்.

2004 ஜனாதிபதி தேர்தல் பிரைமரியில எங்க அப்பா மனசுக்குப் பிடிச்ச ஹோவர்ட் டீனை விட்டுட்டு, ஜெயிப்பார்னு ஜான் கெர்ரிக்காக உழைச்சார். போர்வீரர், பதக்கம் வாங்கினவர், இவரை யாரும் தேசப்பற்று இல்லாதவர்னு சொல்ல முடியாதுன்னு காரணம் சொன்னார். அந்தப் பதக்கத்தையே குறிவச்சு விளம்பரம் போட்டாங்க. தோத்தார். அப்பா நவம்பர் ராத்திரி சோபாவுல உட்கார்ந்து, "எனக்குப் பிடிச்சவருக்கும் நான் போடல, ஜெயிக்கிறவருக்கும் போடல"ன்னார். அப்போ எனக்குப் பத்து வயசு. அந்த வாக்கியம் அப்படியே இருக்கு எனக்குள்ள.

ஜெயிக்கக்கூடியவர்ங்கிற வார்த்தை நம்மளை மாதிரி ஆளுங்க மேல எப்படி விழுதுன்னும் பாருங்க. 2008-க்கு முன்னாடி, கறுப்பின வாக்காளர்கள்லயே நிறைய பேர் ஒபாமாவை நம்பாம ஹிலாரி பக்கம் இருந்தாங்க. வெள்ளைக்காரங்க இவருக்குப் போடமாட்டாங்கன்னு நினைச்சாங்க. 2008 ஜனவரி 3 அன்னைக்கு, பெரும்பாலும் வெள்ளைக்காரங்க இருக்கிற ஐயோவா மாநிலத்துல அவர் ஜெயிச்ச பிறகுதான் அது உடைஞ்சது. அதுவரை அவங்க போட இருந்தது அவங்க ஓட்டு இல்ல, பக்கத்துவீட்டுக்காரரோட வெறுப்புன்னு அவங்க நினைச்சதை. சென்னையில பிறந்த பிரமிளா ஜெயபாலை 2016-ல சியாட்டில் மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிச்சாங்க. அந்தப் பேரை வச்சுக்கிட்டு ஜெயிப்பாங்களான்னு எல்லாரும் அடுத்தவங்களை நினைச்சுத் தயங்கியிருந்தா?

உங்க எதிர்வீட்டு அம்மா ஒருத்தங்க. அவங்க சொன்னது உண்மையா இருக்கலாம். ஆனா அந்தத் தெருவுல ஓட்டே போடாம வீட்டுல இருக்கிறவங்க எத்தனை பேர்? மணிக்கு 7.25 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கு வேலை பார்த்துட்டு, ரெண்டு கட்சியும் ஒண்ணுதான்னு விட்டவங்க? அவங்க கதவை உங்க பொண்ணு தட்டறா. யாரும் அதைக் கணக்குல சேர்க்கறதில்ல.

வடகரை | ஏப்ரல் 20

அரசியல் அறிவியல் படித்தவன் என்ற முறையில் ஒரு தகவல் மட்டும். ஆண்ட்ரூ ஹால் என்பவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு 1980 முதல் 2010 வரையிலான அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைப் பிரைமரிகளை எடுத்துக்கொண்டது. இரண்டு பேரில் தீவிரமானவர் மயிரிழையில் ஜெயித்த இடங்களையும் மிதமானவர் மயிரிழையில் ஜெயித்த இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தீவிரமானவர் வேட்பாளரான இடங்களில் பொதுத்தேர்தலில் கட்சியின் வாக்கு சராசரியாக 9 முதல் 13 சதவீதப் புள்ளி குறைந்தது.

இதற்குக் காரணம்தான் முக்கியம். அவரும் டேனியல் தாம்ப்சனும் சேர்ந்து 2018-இல் செய்த தொடர் ஆய்வில் தெரிந்தது: தீவிரமான வேட்பாளர் தன் பக்கத்து ஆட்களை எழுப்புவதைவிட எதிர்ப்பக்கத்து ஆட்களை அதிகம் எழுப்பி வாக்குச்சாவடிக்கு வரவைக்கிறார். எனவே மேலே தங்கை சொன்ன, வீட்டில் இருப்பவர்களை வரவைக்கலாம் என்ற வாதம் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது.

ஆனால் இவை பழைய காலத்து நாடாளுமன்றத் தேர்தல்கள், சராசரிகள். சுமார் 64,000 பேர் இருக்கும் ஒரு மாநிலத் தொகுதியில், நேரில் தெரிந்த முகம் என்பது வேறு. அந்த நர்ஸிடம் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதை எந்த ஆய்வும் உங்களுக்குச் சொல்லாது. அக்கா, நீங்கள் சூப்பர்வைசரை நேரில் போய்ப் பார்த்தீர்களா? நர்ஸைப் பற்றி எழுதியதில் பாதி கூட அவரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

பழைய கணக்கு | ஏப்ரல் 20

தங்கச்சி சொன்ன 2022 லாம் கதை நியாயம். நான் லாமுக்குத்தான் போட்டேன், நான் போட்ட கணக்கு தப்பு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஃபெட்டர்மேன் 2022-க்கு முன்பே மாநிலம் முழுக்க ஜெயித்துத் துணை கவர்னராக இருந்தவர். 67 கவுண்டியிலும் அவரைத் தெரியும். கொள்கையை மட்டும் பார்த்து "இவர் தீவிரம், அவர் மிதம்" என்று பிரித்ததுதான் என் பிழை. எதிர்ப்பக்கத்து மனுஷன் அவரைப் பார்த்துப் பயந்தானா என்பதை நான் பார்க்கவில்லை.

இன்னொன்று, வீட்டுக்காரர் விஷயம். பிரைமரியில் ஓட்டு வேண்டுமென்றால் மே 4-க்குள் கட்சியை மாற்றிப் பதிவு செய்யலாம், ஆன்லைனிலேயே முடியும். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், கட்சிப் பதிவு அதைக் கட்டாது. தபால் ஓட்டுக்கு மனு மே 12 வரை.

செங்காந்தள் | மே 8

தாமதத்துக்கு மன்னிச்சிடுங்க. எல்லாத்தையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன். வடகரை கேட்ட கேள்வி சுருக்குனு குத்திச்சு. உண்மைதான், நான் போய்ப் பார்க்கவே இல்ல.

போன வாரம் டவுன்ஷிப் கூட்டத்துக்குப் போனேன். மொத்தமே பதினோரு பேர். மழைநீர்க் குழாய்க்கு டெண்டர், ஒரு தெருவுல வேகத்தடை, இப்படி ரெண்டு மணி நேரம். முடிஞ்சதும் சூப்பர்வைசர்கிட்டப் போய், ஸ்கூல் நர்ஸ் கணக்கு பத்தி உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதுன்னார். சட்டைப் பையிலருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து 1,500னு எழுதி அடியில கோடு போட்டார். "இதை மாத்துவேன்னு உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். பணம் எங்கருந்து வரும்னு எனக்கு முதல்ல தெரியணும். தெரிஞ்சதும் கூப்பிடறேன்"னார். நாலு நாள் கழிச்சு, நான் கவுண்டர்ல நிக்கும்போது போன் வந்தது. பள்ளிக்கூட நிதிமுறையே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு 2023 பிப்ரவரியில கோர்ட் தீர்ப்பு வந்ததைச் சொல்லி, அதுக்காக ஒதுக்கற பணத்துல நர்ஸ்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், கூலி விஷயத்தை விட இதுக்கு மாநில மேலவையான செனட்ல ஆள் கிடைப்பாங்கன்னார். எனக்குச் சிலிர்க்கல. ஆனா மனுஷன் கூப்பிட்டார்.

2009-லருந்து குறைந்தபட்சக் கூலியில 7.25 டாலர்லயே நிக்குது இந்த மாநிலம். பாலத்தைத் தாண்டினா நியூ ஜெர்சியில பதினைஞ்சுக்கு மேல. நம்ம கீழவை 2023-ல பதினைஞ்சு டாலர் மசோதாவை நிறைவேத்திச்சு, செனட் கையால தொடல. போன வருஷம் பிலடெல்பியா பக்கத்துப் பொதுப் போக்குவரத்தான செப்டாவுக்குப் பணம் கேட்டுத் திரும்பத் திரும்ப நிறைவேத்தினாங்க, அதுவும் செனட்ல நிறைவேறல. ஜூன் 30-க்குள்ள முடியவேண்டிய பட்ஜெட் நவம்பர் வரை இழுத்துச்சு. இதையெல்லாம் பார்த்து முதல்ல எனக்குத் தோணினது, எப்படியும் ஒண்ணும் நடக்கப்போறதில்ல, பிடிச்சவங்களுக்கே போட்டுடலாம்னு. ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே யோசிச்சா வேற மாதிரி தோணிச்சு. இந்தக் கீழவையும் போச்சுன்னா அந்த மசோதாவை நிறைவேத்தக்கூட ஆள் இருக்காது. கேக்கறதுக்கே ஆள் இல்லாமப் போயிடும். 102ங்கிறது அவ்வளவு மெல்லிசான நூல்.

இரண்டாம் தலைமுறை, உங்க அப்பா சொன்ன வாக்கியத்தை என் பொண்ணுகிட்டப் படிச்சுக் காட்டினேன். அவ அழுதுட்டா. "அம்மா, நீங்க எனக்கு எதையும் முடியாதுன்னு சொல்லி வளர்க்கலயே, இப்போ மட்டும் ஏன்?"னா. எனக்குப் பதில் வரல. வயித்தைப் பிசைஞ்சது. எதிர்வீட்டு அம்மாவோட வெறுப்பை நான் சுமந்துட்டுப் போய் ஓட்டாப் போடறேனோன்னு நிஜமாவே யோசிச்சேன். திரும்பத் திரும்ப யோசிச்சதுல ஒண்ணு பிடிபட்டது. அந்தம்மா நர்ஸை வெறுக்கல. நர்ஸ் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. ரம்பத்தோட வந்தவரைத் தெரியும். நர்ஸம்மாவும் ரெண்டு தடவை டவுன்ஷிப்ல உட்கார்ந்து, வேகத்தடை போட்டுக் கொடுத்து, எதிர்வீட்டுக் கதவுல நின்னிருந்தா, நான் கண்ணை மூடிட்டு அவங்களுக்குப் போட்டிருப்பேன், பதினைஞ்சு டாலரோட, வாடகை உச்சவரம்போட. கொள்கைக்காக அவங்களை விட்டேன்னு யாரும் நினைக்கவேண்டாம்.

தபால் ஓட்டு வந்து மூணு நாள் மேஜை மேலயே கிடந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி கறுப்புப் பேனாவால சூப்பர்வைசர் பேருக்கு நேரா இருக்கிற வட்டத்தை நிரப்பினேன். கை நடுங்கிச்சு, கோட்டுக்கு வெளியே போயிடுமோன்னு மெதுவா நிரப்பினேன். பொண்ணு எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தா. ஒண்ணும் பேசல. ரகசிய உறையை அவதான் எடுத்துக் கொடுத்தா. அதுல வைக்காம அனுப்பினா செல்லாதுன்னு எனக்குச் சொன்னதும் அவதான்.

மறைச்சு வச்சுக்க மனசு வரல. மறுநாள் சாயங்காலம் அவளை அழைச்சுட்டு வரப் போனப்போ நர்ஸம்மா அலுவலகத்துல இருந்தாங்க. ஒரு பழைய டியூஷன் சென்டர் இடம்தான் அது, சுவர்ல இன்னும் பெருக்கல் வாய்பாடு ஒட்டியிருக்கு. நேரா போய், "நான் உங்களுக்குப் போடல. நீங்க சொன்னதெல்லாம் சரின்னு நம்பறேன். அந்த இன்ஹேலரை மறக்கல. ஆனா நவம்பரை நினைச்சுப் பயந்து அவருக்குப் போட்டேன்"னேன். அந்த நேரத்துல வாயில வந்தது பயம்ங்கிற வார்த்தைதான். அவங்க என்னை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. கோபப்படல. "நவம்பர்ல வீடு வீடா வருவீங்களா?"ன்னு கேட்டாங்க. அவர் ஜெயிச்சாலா, நீங்க ஜெயிச்சாலான்னு கேட்டேன். "யார் ஜெயிச்சாலும். நீங்க ஃபார்மசிஸ்ட். உங்களை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது தேவைப்படும், அவருக்கும் தேவைப்படும்"னாங்க. வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். சனிக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் ஒதுக்கித்தரச் சொல்லி மேனேஜர்கிட்ட எழுதிக் கேட்டிருக்கேன், செப்டம்பர்லருந்து.

வீட்டுக்காரர் மே 2-ந்தேதி கட்சியில பதிவு பண்ணிட்டார். யாருக்குன்னு சொல்லமாட்டேங்கிறார். பொண்ணு முகத்துல ஒரு சிரிப்பு இருக்கு, அதை வச்சு நானே தெரிஞ்சுக்கிட்டேன்.

இரண்டாம் தலைமுறை | மே 8

அக்கா, நான் உங்க இடத்துல இருந்தா நர்ஸுக்குத்தான் போட்டிருப்பேன், இப்பவும் அதுதான் சொல்வேன். ஆனா அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு வந்தீங்களே. எங்க அப்பா டீன் ஆளுங்க யார்கிட்டயும் சொல்லவே இல்ல. அந்த உறவெல்லாம் அதோட விட்டுப்போச்சு. உங்க பொண்ணுகிட்ட பிட்ஸ்பர்க்ல ஒரு அக்கா இருக்கான்னு சொல்லுங்க. அக்டோபர்ல ஒரு வாரம் உங்க பக்கம் வந்து கதவு தட்ட நான் ரெடி.

பழைய கணக்கு | மே 9

அம்மா, வெளி உறையின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டீர்களா? மே 19 இரவு எட்டு மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தபாலை நம்பாமல் கவுண்டியின் பெட்டியிலேயே நேரில் போட்டுவிடுங்கள்.

செங்காந்தள் | மே 9

போட்டேன் ஐயா. இன்னைக்குக் காலையில நானே போய்ப் பெட்டியில போட்டுட்டு வந்தேன். 19-ந்தேதி வீட்டுக்காரரை ஓட்டுப்போடக் கூட்டிட்டுப் போகணும். பொண்ணு அன்னைக்கு வாக்குச்சாவடி வாசல்லருந்து பத்தடி தள்ளி நர்ஸோட நோட்டீஸை வச்சுக்கிட்டு நிக்கப் போறா. ஏழு மணிக்கு அவளை இறக்கிவிட்டு, மடக்கு நாற்காலியும் தண்ணியும் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும்.